கணினியில் பாட்டுக் கேட்பவருக்கு எந்த ஹெட்போன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஹெட்போன் வாங்குவோருக்கு வழிகாட்டியாகத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பேருந்திலும் ரயிலிலும் போய்வருவோர், உடற்பயிற்சி செய்வோர், அலைபேசியில் நெடுநேரம் பேசுவோர் ஆகியோருக்கு அதிலுள்ள அறிவுரைகள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் வீட்டில் கணினியின் முன் அமர்ந்து இசை கேட்பவர்களுக்கும் அதே அறிவுரைகளையே கட்டுரையாளர் வழங்கிவிட்டார். ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி முதலியவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒருவர் ஹெட்போன் வாங்குவாரானால், அவர் வாங்க வேண்டியது வயர் உள்ள, காதுமடல் முழுவதும் உள்ளே அடங்குகிற, கூடுமானால் 'ஓபன் பேக்' எனப்படும் பின்புறம் திறந்த ஹெட்போன்தான். கட்டுரை பரிந்துரைத்த ப்ளூடூத், இரைச்சல் நீக்கம், கேமிங் ஆகிய மூன்று வகைகளும், அவருக்கு வேண்டாத வசதிகளுக்கு அவரிடம் விலை வாங்குகின்றன.

முதலில் ப்ளூடூத்தை எடுத்துக்கொள்கிறேன். வயர் இல்லாமல் நடமாடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. மேசையின் முன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சிறப்பால் பெரிய பயன் இல்லை. அதற்கு மாறாக, கணினியோடு இணைக்கும்போது அலைபேசியில் அவ்வளவாகத் தெரியாத ஒரு குறை தலைகாட்டுகிறது. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது என்று பலர் குறைப்பட்டுக் கேட்டிருக்கிறேன். ஹெட்போன் பழுதாகிவிட்டது என்று கருதி அவர்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. வழக்கமான ப்ளூடூத் இணைப்பில் இசைக்கு ஒரு முறை, பேச்சுக்கு வேறொரு முறை என்று இரண்டு உண்டு. ஏதேனும் ஒரு செயலியோ இணையக் கூட்டமோ ஹெட்போனின் மைக்கைக் கேட்டவுடன், கணினி இசை முறையை விட்டுப் பேச்சு முறைக்குத் தாவிவிடும். அந்த முறையில் இடம், வலம் என்ற பிரிவு போய்விடுகிறது. நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தாம் கடத்தப்படுகின்றன என்பதால் அதில் பாதியான 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலி முழுவதும் அறுபட்டுவிடுகிறது. கணினியின் ஒலி அமைப்பில், உள்வரும் ஒலிக்கு ஹெட்போனின் மைக்கை விட்டுவிட்டு மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும் என்பதை ஏற்கெனவே ப்ளூடூத் வாங்கிவிட்டவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். எல்.இ. ஆடியோ என்ற புதிய முறை இக்குறையைத் தீர்க்க வந்திருக்கிறது. ஆயினும் கணினி, ஹெட்போன் இரண்டும் அதற்கேற்றவையாக இருந்தால்தான் அது பயன்படும்.

அதுபோலவே, ப்ளூடூத்தில் இசையைச் சுருக்கி நொடிக்கு 990 கிலோபிட் வரை கடத்தவல்ல எல்டாக் என்ற முறை இருக்கிறது என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குபவர்கள், விண்டோஸிலும் மேக்கிலும் அந்த முறை இயல்பாக இடம்பெறவில்லை என்பதை அறிவதில்லை. ஆண்ட்ராய்டு அலைபேசிக்குப் பொருந்தும் வசதிக்கு விலை கொடுத்துவிட்டு, கணினியில் எஸ்.பி.சி. அல்லது ஏ.ஏ.சி. என்ற பழைய முறைகளில்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த முறைகளும் காதுக்கு மோசமானவை அல்ல. ஆனால் இல்லாத ஒன்றுக்கு ஏன் பணம் தர வேண்டும்?

மின்கலம் இன்னொரு சிக்கல். என்னிடம் இருந்த விலை மிகுந்த ப்ளூடூத் ஹெட்போன் ஒன்றின் மின்கலம் உப்பிப்போனபோது, அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் மாற்று மின்கலம் கிடையாது, கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். உள்ளிருந்து ஒலியை எழுப்பும் ஒலிப்பான்கள் இரண்டும் பழுதில்லாமல் இருந்தன. வயர் உள்ள ஹெட்போன்களின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-லும், சோனியின் எம்டிஆர்-7506 என்ற மாதிரி 1991-லும், சென்ஹைசரின் எச்டி 600 என்ற மாதிரி 1997-லும் வெளிவந்தவை. இன்றும் அவை அதே பெயரில் விற்பனையில் இருக்கின்றன. எச்டி 600-இன் வயர், குஷன், தலைப்பட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி, பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஒலி நுட்பத்தில் ஹெட்போனைப் பொறுத்தவரை கடந்த முப்பது ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம் எதுவும் நேர்ந்துவிடவில்லை என்பதற்கு இம்மூன்றும் கடைகளில் இன்னும் விலைபோவதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரைச்சல் நீக்கம் பற்றிக் கட்டுரையாளர் உயர்வாகவே எழுதியிருக்கிறார். விமானத்திலும் பேருந்திலும் இடைவிடாமல் கேட்கும் அடித்தொனி உறுமலை அது நன்றாகவே குறைக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள, ஒரே சீரான ஒலிகளிடம்தான் அதன் திறமை முழுமையாகச் செல்லும். வீட்டுக்குள் நம்மைத் தொந்தரவு செய்வது குக்கர் விசிலும், மிக்சியும், தொலைக்காட்சியும், தெருவில் வரும் காய்கறி வண்டியின் அறிவிப்பும். அவற்றை இரைச்சல் நீக்கும் மின்னணுச் சுற்று அவ்வளவாகத் தடுப்பதில்லை, காதைச் சுற்றியிருக்கும் குஷன்தான் தடுக்கிறது. அந்தக் குஷன், வயர் உள்ள, 'க்ளோஸ்டு பேக்' எனப்படும் பின்புறம் மூடிய ஹெட்போனிலும் உண்டு.

கேமிங் ஹெட்போனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எட்டு ஒலிபெருக்கிகள் சுற்றி நின்று ஒலிப்பதுபோல் கேட்கும் என்ற பொருளில் 7.1 என்று பெட்டியில் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே ஒலிப்பான்கள் இருக்கும், எஞ்சியவற்றை மென்பொருள் கற்பனை செய்துகொள்ளும். பாட்டுக் கேட்கும்போது அந்த வசதியை அணைத்து வைப்பதே நல்லது, ஏனெனில் பாடகரின் குரல் குளியலறை எதிரொலியோடு வரத் தொடங்கிவிடும். போதாக்குறைக்குக் காதின் வெளிப்புறத்தில் வண்ண விளக்குகள் எரிகின்றன. அணிந்திருப்பவரால் பார்க்க முடியாத விளக்குக்கு அவரே காசு கொடுக்கிறார் என்பது இந்த வணிகத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

இனி, ஓபன் பேக் என்று நான் சொன்னதற்கான காரணம். ஹெட்போனின் ஒலித்தகடு முன்னால் காதை நோக்கி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு காற்றைப் பின்னாலும் தள்ளுகிறது. பின்புறம் மூடிய கிண்ணமாக இருந்தால் அந்த ஒலி உள்ளேயே மோதித் திரும்பி வந்து, கேட்கும் இசையோடு கலக்கும். நல்ல வடிவமைப்பாளர்கள் பஞ்சும் துளைகளும் வைத்து இதைக் கட்டுப்படுத்துகிறார்கள், ஆனால் மலிவு விலையில் அதைச் செய்வது கடினம். பின்புறம் வலையாகத் திறந்திருந்தால் அந்த ஒலி வெளியேறிவிடுகிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் மஞ்சள் நிறப் பஞ்சுக் குஷனோடு வெளியிட்ட எச்டி 414 என்ற ஹெட்போன்தான் இந்த வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்தது. இசை தலைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் சற்றே வெளியில் விரிந்து கேட்பதும், அடித்தொனி வீங்காமல் இருப்பதும் இந்த வகையின் இயல்பு. நம் ஊருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு, காது வியர்க்காது. சித்திரை வைகாசியில், செயற்கைத் தோல் போர்த்திய மூடிய ஹெட்போனை ஒரு மணி நேரம் அணிந்தவருக்கு அந்த அருமை தெரியும். அந்தச் செயற்கைத் தோல், வியர்வையும் ஈரக்காற்றும் பட்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் கருப்புச் செதிள்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்வது சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. வெல்வெட் துணி போர்த்திய குஷனுக்கு இந்தக் கதி நேர்வதில்லை.

ஓபன் பேக் ஹெட்போனுக்கும் குறை உண்டு. நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அறையின் சத்தம் உங்களுக்கும் கேட்கும். ஒரே அறையில் ஒருவர் படிக்க, ஒருவர் தூங்க, நடுவில் ஒருவர் பாட்டுக் கேட்கும் வீடுகளுக்கு அது ஏற்றதன்று. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் அறையில் ஆலாபனையின் மெல்லிய பிடிகள் அந்தக் காற்றோசையில் அமுங்கிப்போகும். வேகத்தை ஓரிரு படி குறைத்தால் போதும் என்று சொல்லலாம்தான், ஆனால் மே மாதத்தில் யாரிடமும் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் வயர் உள்ள மூடிய வகையை வாங்குவதே முறை. ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் ஆகிய மூன்றும் இந்த வகையில் நம்பி வாங்கத் தக்கவை.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையில் என்னை மிகவும் உறுத்தியது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை அப்படியே தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான். ஒலிப்பானின் குறுக்களவு 50 மில்லிமீட்டர் என்றால் 40 மில்லிமீட்டரை விடச் சிறந்தது என்று கட்டுரை கூறுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. அதிர்வெண் வீச்சு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதும் அதே தன்மையது. அந்த வீச்சுக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்லாத வரை அந்த எண்ணால் எதையும் அறிய முடியாது, நூறு ரூபாய் இயர்போனின் உறையிலும் அதே எண்தான் இருக்கிறது. பொன்னிற 'ஹை-ரெஸ்' முத்திரை, ஜப்பான் ஒலிச் சங்கம் வகுத்த விதிப்படி, ஹெட்போன் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கவல்லது என்பதைக் குறிக்கிறது. மனிதக் காதின் எல்லை இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸ். ஐம்பதைக் கடந்த என் போன்றோரில் பலருக்கு அது 12,000-ஐ ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. எஞ்சியதை வீட்டு நாய் கேட்டு மகிழலாம்.

விலை கூடினால் தரமும் கூடும் என்பதும் நிலைநிற்கவில்லை. ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து பார்த்து, அவற்றின் அதிர்வெண் நடத்தைக்கும் சில்லறை விலைக்கும் எந்தத் தொடர்பும் காணவில்லை என்று அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் 2017-இல் எழுதினார். விலை மிகுந்தவை எல்லாம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உறுதி, எடை, குஷன், உதிரி பாகம் ஆகியவற்றில் காசுக்கேற்ற வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஒலியை மட்டும் விலையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

பெட்டியில் உண்மையிலேயே பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. மின்தடையைக் காட்டும் ஓம் அளவு ஒன்று. உணர்திறனைக் காட்டும் டெசிபல் அளவு மற்றொன்று. கணினிக்கு ஹெட்போன் வாங்குபவர் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹெட்போனுக்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் கணினியின் ஜாக் தர முடியுமா என்பது இவற்றில்தான் இருக்கிறது. உணர்திறனைச் சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் அச்சிடுகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறிப்போகும். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்ட இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 32 ஓம், மற்றது 300 ஓம். ஒரே மின்னழுத்தத்தில் இரண்டையும் இயக்கினால், 32 ஓம் ஹெட்போன் மற்றதைவிட ஏறத்தாழ 10 டெசிபல் உரக்கக் கேட்கும். காதுக்கு அது இரு மடங்கு சத்தம். சாதாரண மடிக்கணினி ஜாக்குகள் பலவற்றால் தர முடிந்தது ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுதான் என்பதால், 250 ஓம், 300 ஓம் ஹெட்போன்களை அவற்றில் செருகினால் ஒலி அளவை முழுதும் ஏற்றிய பிறகும் சில கச்சேரிப் பதிவுகள் தணிந்தே கேட்கும்.

ஒரே ஹெட்போன் வெவ்வேறு ஓம் அளவுகளில் விற்கப்படுவதையும் வாங்குவோர் கவனிப்பதில்லை. மேலே சொன்ன டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என மூன்று வடிவங்களில் கிடைத்துவந்திருக்கிறது. தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 250 ஓம் வடிவத்தை வாங்கிவிட்டுப் பிறகு ஹெட்போனைக் குறை சொல்வார். ஆப்பிள் நிறுவனம் 2021 முதல் வெளியிட்ட 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ கணினிகள் செருகப்பட்ட ஹெட்போனின் ஓம் அளவைத் தாமே அறிந்து, 150 ஓமும் அதற்கு மேலும் இருந்தால் 3 வோல்ட் வரை தருகின்றன. அந்த வசதி எல்லாக் கணினிகளிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பொதுவாக, கணினியிலேயே நேரடியாகச் செருகப் போகிறவர் 80 ஓமுக்குள் வாங்குவது பாதுகாப்பானது. ஃபிலிப்ஸ் எஸ்எச்பி9500 என்ற ஓபன் பேக் ஹெட்போன் 32 ஓம், ஏகேஜி கே240 ஸ்டுடியோ என்ற பாதி திறந்த வகை 55 ஓம். இரண்டுமே இந்த எல்லைக்குள் வருபவை, இரண்டின் வயரும் கழற்றி மாட்டக்கூடியவை. சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 ஆகியவை 300 ஓம் என்பதால் அவற்றுக்குத் துணைச் சாதனம் ஒன்றையும் சேர்த்தே வரவுசெலவு போட வேண்டும்.

துணைச் சாதனம் என்று நான் சொல்வது, யு.எஸ்.பி. முனையில் செருகும் சிறிய டாக் சாதனத்தை. கோப்பில் எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் வேலையைக் கணினியின் உள்ளே செய்யாமல் வெளியே செய்கிறது என்பதே அதன் பயன். மேசைக் கணினியின் முன்பக்க ஜாக்கில் செருகிக் கேட்பவர்கள் சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் மெல்லிய கிறுகிறுப்புச் சத்தம் கேட்பதாகச் சொல்வார்கள். தாய்ப்பலகையிலிருந்து முன்பக்கம் வரை ஒரு நீண்ட வயர், கிராபிக்ஸ் கார்டையும் மின்வழங்கியையும் உரசிக்கொண்டு வருவதால் நேர்வது அது. முதலில் பின்பக்க ஜாக்கில் செருகிப் பார்க்கலாம், பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். மடிக்கணினியில் உறுமல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் குறை ஹெட்போனிலும் இல்லை, கணினியிலும் இல்லை. வீட்டின் எர்த் இணைப்பிலோ சார்ஜரிலோ இருக்கிறது. மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனைத் துளையில் மாட்டும் மலிவு அடாப்டர்கள் நம் வீடுகளில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். புதிய ஹெட்போனுக்கு முன்னால் ஒரு எலக்ட்ரீசியனை அழைப்பது இத்தகைய வீடுகளுக்குச் செலவு குறைந்த வழி. அதற்குப் பிறகும் சத்தம் போகாவிட்டால் கட்டைவிரல் அளவுள்ள ஒரு யு.எஸ்.பி. டாக் வாங்கினால் போதும். பல ஆயிரம் ரூபாய்க்குப் பளபளக்கும் பெட்டிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எந்த ஹெட்போனின் ஒலி நல்ல ஒலி என்ற கேள்விக்கு வருகிறேன். இது வெறும் ருசி பற்றியது என்று கட்டுரையாளர் ஒதுக்கிவிட்டார். ஆனால் அதற்கு ஆய்வு அடிப்படையில் விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. அந்த நீளத்தின் காரணமாக 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் இயற்கையாகவே பெருகிக் கேட்கின்றன. அறையில் ஒலிபெருக்கி முன் அமர்ந்து கேட்கும்போது காதுமடலும் தலையும் அறையின் சுவர்களும் சேர்ந்து ஒலியைத் திருத்துகின்றன. ஹெட்போன் இவற்றில் பலவற்றைத் தாண்டி நேரே காதுக்குள் ஒலியைச் செலுத்துவதால், அந்தத் திருத்தங்களை ஹெட்போனே செய்தாக வேண்டும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர், நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி கேட்பதுபோல் ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்பதைப் பெயர் மறைத்துக் கேட்கவைக்கும் சோதனைகளில் கண்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்று காட்டும் ஓர் அளவுக்கோட்டையும் 2013-ஐ ஒட்டி வெளியிட்டார்கள். இன்று ஹெட்போன்களை அளந்து வெளியிடும் பலரும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டே படம் போடுகிறார்கள். வாங்க நினைக்கும் மாதிரியின் அளவுப் படத்தை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது, நட்சத்திரங்களையும் விளம்பரக் காணொளிகளையும் நம்புவதைவிடப் பயன் தரும்.

படம் மட்டும் போதாது; நாம் கேட்கும் இசையைப் போட்டுக் கேட்க வேண்டும். கடைக்காரர் போட்டுக் காட்டும் மேளதாளப் பாட்டில் எந்த ஹெட்போனும் அசத்திவிடும். கர்நாடக இசை கேட்பவர் முதலில் தம்புராவைக் கவனிக்க வேண்டும். நரம்புக்கும் குதிரைக்கும் இடையில் வைக்கும் நூலால் அதன் ஒவ்வொரு மீட்டலிலும் மேல்சுருதிகள் அடுக்கடுக்காக எழுகின்றன. நல்ல ஹெட்போனில் அவை பாட்டின் கீழே ஓயாமல் தெரியும், மோசமானதில் வெறும் ரீங்காரமாக மழுங்கிவிடும். அடுத்தது மிருதங்கம். இடந்தலையின் 'தொம்' அடி வட்டமாக எழுந்து அடங்க வேண்டும், வலந்தலையின் 'நம்' தெளிந்து தனியே கேட்க வேண்டும். பாஸ் என்ற பெயரில் அடித்தொனியை ஏற்றிவிட்ட ஹெட்போனில் 'தொம்' அடங்காமல் நின்று அடுத்த அடியையும் விழுங்கும். நாதஸ்வரம் இன்னும் கடுமையான தேர்வு. காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அதன் ஆற்றல் மிகுந்திருப்பதால், அந்த இடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும் ஹெட்போனைச் சில நிமிடங்களிலேயே கழற்றிவிடத் தோன்றும். வாய்ப்பாட்டில் சகரமும் ஸகரமும் சீறினால் அதை வாங்க வேண்டாம்.

பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கணினியில் கேட்பவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். 78 சுற்று இசைத்தட்டிலிருந்து மாற்றிய கோப்புகளில் உயர்ந்த தொனிகள் இயல்பாகவே குறைவு, அந்த இடத்தை இரைச்சல்தான் நிரப்பியிருக்கும். ட்ரெபிள் எனப்படும் மேல்தொனி தூக்கலாக அமைந்தது என்று பரவலாக அறியப்பட்ட பேயர்டைனமிக் டிடி 990 போன்ற ஹெட்போன் அந்த இரைச்சலை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். சென்ஹைசர் எச்டி 650 போல மேல்தொனி தணிந்தவை இவற்றுக்கு இதமானவை. எழுபதுகளின் பிற்பகுதி வரை தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில், அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலியாகத்தான் பதிவாயின என்பதால், அவை ஹெட்போனில் தலையின் நடுவே ஒரு புள்ளியில் கேட்கும். அது ஹெட்போனின் குறை அன்று. அதற்குப் பின் வந்த தொடக்ககால ஸ்டீரியோப் பதிவுகள் சிலவற்றில் வயலின் கூட்டம் ஒரு காதிலும் தபலா மறு காதிலுமாக அடியோடு பிரிந்து நின்று களைப்பைத் தரும். இரு பக்க ஒலியையும் சிறிதளவு கலந்து கொடுக்கும் 'க்ராஸ்ஃபீட்' வசதி கணினியின் இசைச் செயலிகள் சிலவற்றில் உண்டு; அதைப் போட்டுக் கேட்டால் அந்தப் பிரிவு தணியும்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் முதலில் சமமாக்கிக்கொள்ள வேண்டும். சற்றே உரக்கக் கேட்பதுதான் எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். தணிந்த ஒலியில் அடித்தொனி காதுக்குக் குறைந்தே கேட்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடைகளில் இது விற்பனை உத்தியாகவே பயன்படுகிறது.

கணினியில் கேட்பவருக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்குவலைசர் ஏபிஓ போன்ற மென்பொருளை நிறுவிக்கொண்டால், பெரும்பாலான செயலிகளில் ஓடும் பாட்டுக்கும் ஹெட்போனின் ஏற்றத்தாழ்வைத் திருத்திக்கொள்ளலாம். குறிப்பிட்ட மாதிரிகளுக்கு அளவெடுத்துத் தயாரித்த திருத்த எண்களும் இணையத்தில் கிடைக்கின்றன. எந்தத் தொனியையாவது 5 டெசிபல் ஏற்றினால் மொத்த ஒலியை அதே 5 டெசிபல் இறக்கிவிட வேண்டும், இல்லையேல் உச்ச இடங்களில் ஒலி முறிந்து கரகரக்கும். நடுத்தர விலை ஹெட்போனைக்கூட இவ்வாறு பெருமளவு சீராக்கிவிடலாம் என்பதால், இருப்பதை விற்றுவிட்டு அடுத்த படிக்குப் போகும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அணியும் வசதியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வியப்பளித்தது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பு குஷனுக்கும் கன்னத்துக்கும் இடையில் புகுந்து இடைவெளி உண்டாக்குகிறது. மூடிய வகை ஹெட்போனில் அந்த இடைவெளி வழியே அடித்தொனி கசிந்து, ஒலி மெலிந்துவிடும். ஆகவே கண்ணாடியோடுதான் ஹெட்போனைப் போட்டுப் பார்க்க வேண்டும். கம்மலும் ஜிமிக்கியும் அணிந்த பெண்களுக்குக் காதின் மேல் அழுந்தி உட்காரும் சிறிய வகை பதினைந்து நிமிடத்தில் வலி தரும்; கிண்ணம் ஆழமாக இருந்து காதுமடலைத் தொடாமல் சூழ்ந்துகொள்ளும் வகைதான் அவர்களுக்கு ஏற்றது. தலைக்கு நாள்தோறும் எண்ணெய் தேய்ப்பவர்கள் தலைப்பட்டையின் பஞ்சு கழற்றக்கூடியதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் எண்ணெய் ஊறிய செயற்கைத் தோல் ஓராண்டைத் தாண்டுவது அரிது. வாங்கும் முன் அந்த மாதிரிக்கான குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுவதும் அவசியம். மாற்றுக் குஷன் கிடைக்காத ஹெட்போனின் ஆயுள் அதன் குஷனின் ஆயுளோடு முடிந்துவிடும்.

இசைக் கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல் வந்த குறுந்தகட்டின் தரமே, அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகளும் 16 பிட்டும், காதுக்கு நிறைவானது. 320 கிலோபிட் அளவில் நன்றாகச் சுருக்கிய கோப்பை அதிலிருந்து பிரித்தறிவது பயிற்சி பெற்ற காதுகளுக்கும் கடினம். ஆனால் யாரோ பண்பலை வானொலியிலிருந்து பதிவு செய்து, சுருக்கி, மறுபடியும் சுருக்கி ஏற்றிய கோப்பை எந்த ஹெட்போனாலும் மீட்க முடியாது.

ஒலியின் அளவு பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதும், சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல் என்பதும் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகிவிடுகிறது. 89 டெசிபலில் கேட்பவருக்கு வாரம் 5 மணி நேரம்தான் மிஞ்சும். பல அலைபேசிகள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எச்சரிக்கின்றன. கணினிகளில் பெரும்பாலும் அப்படி எச்சரிக்கை எதுவும் வருவதில்லை, இணையத்தில் ஒரு விளம்பரம் திடீரென்று உரக்கப் பேசத் தொடங்கினாலும் தடுப்பார் இல்லை. ஆகவே பிள்ளைகளின் கணினியில் டாக்கோ ஆம்ப்ளிஃபயரோ இணைக்கும் பெற்றோர், அதன் உச்ச அளவை ஒருமுறை தாங்களே காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் இனி ஹெட்போன்களை அறிமுகப்படுத்தும்போது, விலையோடும் நட்சத்திரங்களோடும் நிறுத்திக்கொள்ளாமல், ஓம் அளவு, உணர்திறன் அளவு, அது வோல்ட்டுக்கா மில்லிவாட்டுக்கா என்பது, மாற்றுக் குஷனும் வயரும் இந்தியாவில் தனியே கிடைக்கின்றனவா என்பது ஆகிய விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுவனங்கள் இவற்றைத் தர மறுத்தால், மறுத்தன என்பதையே அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.